லாபம், ஒண்ணு, ரெண்டு

ஐப்பசி வெட்டு முடிந்து, ஏரிக்கரைப் பொதுத் தென்னந்தோப்பின் காய்களெல்லாம் களத்தில் வந்து குவிந்து, எண்ணுகிற சிங்காரவேலு கடைசிக் காயையும் தூக்கிப் போட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இருபத்தேழாயிரத்து எழுநூத்தி இருபத்தொண்ணு" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்ன அந்த நிமிஷத்தில்தான் எங்கள் நெட்டிவயலுக்குள் அந்த எண் வந்து குடியேறியது. வந்ததுதான் வந்தது, ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு வந்திருக்கலாம். எண்களுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது போலிருக்கிறது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லா வம்பும் கடைசியில் அதில்தான் வந்து முடிந்தது. நெல் அளந்தாலும் சரி, காய் எண்ணினாலும் சரி, நாங்கள் 'ஒன்று' என்று வாயைத் திறக்க மாட்டோம். ஒற்றையைச் சொல்லி வேலையைத் தொடங்கினால் விளங்காது என்று 'லாபம்' என்று ஆரம்பித்து, அப்புறம் ரெண்டு, மூணு என்று போவோம். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் லாபமும் ரெண்டும் மூணு என்று கூட்டி டீச்சரிடம் திட்டு வாங்குவார்கள்.

தோப்பு பதினெட்டுத் தலைக்கட்டுக்குச் சொந்தம். தலைக்கட்டு என்றால் ஊரின் கண்ணில் ஒரு வீடு. கோயில் வரி கொடுக்கிற வீடு, ஊர்க்கூட்டத்தில் பாயில் உட்காருகிற வீடு, கல்யாணம் வந்தால் தன் பேரில் ஊருக்கு வெற்றிலைத் தட்டு வைக்கிற வீடு. வெட்டு முடிந்ததும் களத்தில் பதினெட்டுத் தலைக்காய்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஒவ்வொரு கூறாகக் காயைப் பங்கு போடுவோம். தலைவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அந்த வீட்டுக்காரர் தானே எழுந்து வந்து பிடித்த கூற்றின் தலைக்காயைத் தன் கையால் தூக்க வேண்டும், தூக்கினால்தான் அந்தக் கூறு அவருடையது. அன்றைக்குக் கூறுக்கு ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது காய் விழுந்து ஒரு காய் மிஞ்சியது. மிஞ்சியதைப் பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு எல்லோரும் வண்டி பிடிக்கப் போன நேரத்தில் பொழுது சாய்ந்தது. பதினெட்டுக் கூறும் மெல்ல உருள ஆரம்பித்து, இடிக்காமல், அவசரப்படாமல், பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்புகிற பிள்ளைகள் மாதிரி களத்தின் நடுவுக்கு வந்து ஒரே குவியலாக ஏறி உட்கார்ந்துகொண்டன.

யாரும் அலறவில்லை. "களம் சரிவுப்பா" என்றார்கள். கொத்தனாரைக் கூப்பிட்டு மட்டம் பார்த்து, மேட்டைச் செதுக்கிப் பள்ளத்தில் போட்டுத் திமிசு கட்டையால் இடித்து, மறுபடி எண்ணினோம். பிள்ளையாருக்கு உடைத்தது போக ஒன்று குறைய வேண்டுமல்லவா? குறையவில்லை. சிங்காரவேலு கடைசி எண்ணைச் சொல்லப் போகும்போது கரையோர மரத்திலிருந்து ஒரு காய் தொப்பென்று விழுந்து உருண்டு வந்து சேர்ந்துகொண்டது. யாரோ இரண்டு காயை எடுத்துப்போய்த் துவையல் அரைத்துப் பார்த்தார்கள், இரண்டு விழுந்தது. யாரோ வீட்டிலிருந்து ஒரு காயைக் கொண்டுவந்து குவியலில் நைசாகச் செருகினார்கள், அதைச் சிங்காரவேலு குலுக்கிப் பார்த்து "அழுகல்" என்று தூர எறிந்தார். கூட்டினாலும் கழித்தாலும் இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபத்தொன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது, பந்தியில் இடம் பிடித்தவன் மாதிரி.

அப்புறம் ஊர் மூளையைக் கசக்கியது. பதினெட்டாகப் பிரித்தால்தானே மிஞ்சுகிறது, முதலில் கீழத்தெரு மேலத்தெரு என்று இரண்டாகப் பிரிப்போம், பிறகு அவரவர் தெருவுக்குள் பார்த்துக்கொள்வோம் என்று பிரித்தால் ஒன்று மிஞ்சியது. மூன்று படித்துறைக்கு மூன்றாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சியது. நான்கு வாய்க்கால் பாசனத்துக்கு நான்காக, ஐந்து கோயில் திருவிழாவுக்கு ஐந்தாக, அண்ணன் தம்பி கூட்டங்கள் ஏழுக்கு ஏழாக, இரண்டிரண்டு வீடாகச் சேர்ந்து ஒன்பதாக, ராசிக்கு ஒன்றாகப் பன்னிரண்டாகக்கூடப் பிரித்துப் பார்த்தோம். எப்படிப் பிரித்தாலும் கடைசியில் ஒரே ஒரு காய் களத்தின் நடுவில் தன்னந்தனியாகக் கிடந்து எங்களைப் பார்த்தது. அதற்கு மூன்று கண் வேறு. ஒன்று மிஞ்சியதா, பொழுது சாயும்போது எல்லாக் காயும் திரும்பி வந்துவிடும்.

உயர்நிலைப்பள்ளியில் கணக்கு எடுக்கிற ரெஜினா டீச்சர் வந்து ஒரு குச்சியால் களத்து மண்ணில் எழுதிக் காட்டினார். "ரெண்டுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் எதால வகுத்தாலும் சரியாப் போற எண்கள்லயே ரொம்பச் சின்னது இருபத்தேழாயிரத்து எழுநூத்தி இருபது. அது பதினெட்டாலயும் சரியாப் போகும். நம்ம ஊருக்கு வந்திருக்கிறது அதைவிட ஒண்ணு கூட. அதனாலதான் எப்படிப் பிரிச்சாலும் ஒண்ணு நிக்குது." டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நல்ல எண்ணைப் பார்த்து ரொம்ப நாளானவர்போல் அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா ஒண்ணு பாருங்க. பத்தொன்பதால வகுத்தா துளி மிஞ்சாது. ஆளுக்கு ஆயிரத்து நானூத்தி அம்பத்தொன்பது. பத்தொன்பது கூறு வைங்க, முடிஞ்சுது."

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் ஊரில் ஒருவர் காதிலும் விழவில்லை. ஒருவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார், ஒருவர் மேகம் பார்த்தார், தோப்புத் தலைவர் வைரக்கண்ணு செருப்பில் ஒட்டிய மண்ணை மிகுந்த அக்கறையோடு தட்டிக்கொண்டிருந்தார். பத்தொன்பதாவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் அப்போதும் களத்துக்கு வெளியே, கரையோர மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள்.

தையல்நாயகி வைரக்கண்ணுவின் கூடப்பிறந்த தங்கை. கட்டிக்கொடுத்த ஊரில் புருஷன் வேறு குடித்தனம் வைத்ததும், அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கைக்குழந்தையோடு திரும்பி வந்து, ஏரிக்கரையில் தானே கீற்று முடைந்து வீடு போட்டுக்கொண்டவள். கேட்காமல் வந்தாளே என்று அன்றைக்கு வாய்க்குள் போட்டுப் பூட்டிய அவள் பேரை அண்ணன் அப்புறம் வெளியே எடுக்கவே இல்லை. 'அது', 'அந்தப் பொம்பள', ரொம்பப் பாசம் பொங்கினால் 'அவ'. பெரும்புயல் வந்து தோப்பை ஒரு மரம் விடாமல் சாய்த்துவிட்டுப் போன வருஷம், ஆண்களெல்லாம் பிழைக்கத் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போய்விட, நட்ட கன்றுகளுக்கு இரண்டு கோடை முழுவதும் ஏரியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் அவள்தான். மரங்களுக்கு அது தெரியும். எங்களுக்கும் தெரியும், ஆனால் நாங்கள் மரம் இல்லையே, மறப்பதற்கு எங்களுக்கு வசதி அதிகம்.

இப்போது அந்தக் கைக்குழந்தை அபிநயாவுக்குக் கல்யாணம், தை மாதத்தில். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான். ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "ஊருக்கு யார் பேருல தட்டு வைப்பீங்க?" தலைக்கட்டு இல்லாத வீட்டுக்குத் தட்டு இல்லை. தட்டு வைக்காத கல்யாணத்துக்கு ஊர் வராது. வைரக்கண்ணு ஆள்விட்டுச் சொன்னார், வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு என் பேரில் வைத்துக்கொள்ளட்டும் என்று. தையல்நாயகி வந்த ஆளுக்கு மோர் கொடுத்து, "பொண்ணு என் பொண்ணு, தட்டு மட்டும் அவரு தட்டா? எனக்கு ஒரு கூறு வைக்கச் சொல்லுங்க. நான் அவரு கூறுல மிச்சம் இல்ல" என்று சொல்லி அனுப்பினாள்.

அதற்குள் ஊர் எண்ணோடு பழகிவிட்டது. டீக்கடையில் அதைச் சிவப்புப் பெயின்ட்டால் எழுதி மாலை போட்டார்கள். பால்காரர் அதை வண்டியின் நெற்றியில் எழுதினார். கோபம் வந்தால் "இருபத்தேழாயிரத்து எழுநூத்தி இருபத்தொரு தடவை சொல்லியாச்சு" என்று பெண்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள், பிள்ளைகள் அவ்வளவு தடவை சொல்லவில்லை என்று எண்ணிப் பார்த்து எதிர்த்துப் பேசினார்கள். சம்மதமா என்று கேட்டால் தலையாட்டிவிட்டு, மனசுக்குள் ஒரு சின்னக் குறை வைத்திருக்கிற மாப்பிள்ளைகளை 'ஒண்ணு மிஞ்சுற ஆளு' என்றார்கள். வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து காய்கள் திரும்பிப் போவதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டே மூன்று முறை பார்த்துவிட்டுப் போனார்கள். மேலத்தெரு ஜோசியர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினார்: இரண்டும் ஏழும் ஒன்பது, இன்னொரு ஏழு பதினாறு, இரண்டு பதினெட்டு, ஒன்று பத்தொன்பது, ஒன்றும் ஒன்பதும் பத்து, ஒன்றும் பூஜ்யமும் ஒன்று, ஒன்று என்றால் சூரியன், ஆகவே ஞாயிற்றுக்கிழமை கூறு போடுங்கள் என்றார். போகிற வழியில் பத்தொன்பதில் ஏறி இறங்கித்தான் போனார், ஆனால் அங்கே நிற்கவில்லை, எங்கள் ஊர் ஸ்டாப்பில் எக்ஸ்பிரஸ் பஸ் நிற்காததுபோல.

ஆனால் விளையாட்டு ஒரு அளவுக்குத்தான். குவியலின் அடியில் காய்கள் முளைவிட ஆரம்பித்தன. அடுத்த வெட்டுக்கு மரத்தில் காய் முற்றிக்கொண்டிருந்தது. ஏற்றிப் போக வந்த லாரிக்காரர்கள் திட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள், பதினெட்டு வீட்டிலும் அடுப்படியில் பேச்சு தடித்தது. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வைரக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

"சிங்காரவேலு கை சரியில்ல. இன்னைக்கி நானே தலைக்காய் வக்கிறேன். எப்படி ஒண்ணு மிஞ்சுதுன்னு பாத்துருவோம்."

முதல் தலைக்காயைக் கரையோரம் வைத்து, "லாபம்" என்றார். தொண்டையில் நல்ல கம்பீரம் இருந்தது. அடுத்த காயைக் கையில் எடுத்தபோதுதான் மரத்தடியிலிருந்து தையல்நாயகி பேசினாள்.

"அண்ணே, பேரு கூப்புடயில என் பேரும் இருக்கட்டும்ண்ணே."

வைரக்கண்ணுவுக்குச் சுர்ரென்று ஏறியது. தங்கையைப் பார்க்காமல் ஊரைப் பார்த்துக் கத்தினார்: "யாருய்யா அவள இங்க வுட்டது? நல்ல காரியம் பண்ணயில குறுக்கக் குறுக்கப் பேசிக்கிட்டு! பதினெட்டுன்னா பதினெட்டுதான். எங்கப்பன் காலத்துலயும் பதினெட்டு, எங்க பாட்டன் காலத்துலயும் பதினெட்டு. ஓரமா நிக்கச் சொல்லுங்க!" ஓரத்தில்தான் நிற்கிறாள், அதற்கு மேல் ஓரம் என்றால் ஏரிக்குள் இறங்க வேண்டும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் மூச்சு வாங்கியபடி திரும்பி, கையிலிருந்த காயை அடுத்த இடத்தில் ணங்கென்று வைத்து, "ஒண்ணு" என்றார்.

நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டோம். ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை, ஏனென்றால் எல்லார் கண்ணும் மரத்தடியில் இருந்தது. அவர் பாட்டுக்கு ரெண்டு, மூணு என்று வரிசையாக வைத்துக்கொண்டே போய் "பதினெட்டு" என்று முடித்து, திருப்தியாக இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு காய் போடுகிறவர்கள் பாடிக்கொண்டே போட, குவியல் கரைந்துகொண்டே வந்து, கூறுகள் வளர்ந்துகொண்டே போய், வெயில் இறங்குகிற நேரத்தில் சிங்காரவேலு குனிந்து களத்தின் நடுவைக் கையால் தடவிப் பார்த்தார். அங்கே மண்தான் இருந்தது. ஒரு காய்கூட மிஞ்சவில்லை.

பெண்கள் குலவையிட்டார்கள். வைரக்கண்ணுவைத் தூக்கித் தோளில் வைக்கப் பார்த்து, கனம் தாங்காமல் இறக்கிவிட்டார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட, ஒவ்வொருவராக எழுந்து போய்ப் பிடித்த கூற்றின் தலைக்காயைத் தூக்கினார்கள். கடைசியில் தன் பேரைத் தானே சொல்லித் தன் தலைக்காயையும் தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கரையோரத்தில், தையல்நாயகிக்குப் பக்கத்தில், யாரும் போய் நிற்க விரும்பாத அந்த முதல் கூறு அப்படியே இருந்தது.

ரெஜினா டீச்சர்தான் முதலில் சிரித்தார். "தலைவரே, லாபம்னு ஒண்ணு வச்சீங்க. அப்புறம் ஒண்ணுன்னு ஒண்ணு வச்சீங்க. பதினெட்டு வரைக்கும் எண்ணி, பத்தொன்பது வச்சிட்டீங்க."

வைரக்கண்ணு உதட்டை அசைத்து மறுபடி எண்ணிப் பார்த்தார். நெட்டிவயலில் பிறந்த எவனும் செய்யாத தப்பு, நெட்டிவயலில் பிறந்தவனால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு. "அப்ப இந்தக் கூறு பிள்ளையாருக்கு" என்றார் அவசரமாக. ஊருக்கும் அது பிடித்திருந்தது, சாமி விஷயம் என்றால் சண்டை இல்லை. பூசாரி ஓடிப்போய் உற்சவரைத் தூக்கிக்கொண்டு வந்து கூற்றின் முன்னால் வைத்தார். பிள்ளையாருக்கு நான்கு கை இருந்தும் ஒரு கையும் தலைக்காயைத் தூக்கவில்லை. அவர் எப்போதும்போல் உட்கார்ந்துகொண்டே இருந்தார். தானே எழுந்து வந்து எடுக்க வேண்டும் என்பதுதானே நாங்கள் வைத்த சட்டம்? சூரியன் தென்னைமட்டைகளுக்குக் கீழே இறங்கியது. பதினெட்டுக் கூற்றிலும் காய்கள் லேசாக ஆட ஆரம்பித்தன.

"தலைவரே, உருளப் போவுது" என்றார் சிங்காரவேலு.

வைரக்கண்ணு தொண்டையைச் செருமினார். "என் தங்கச்சி எடுத்துக்கட்டும்."

தையல்நாயகி நகரவில்லை. "இங்க நிக்கிற பதினெட்டுப் பேருக்கும் தங்கச்சி இருக்குண்ணே. எந்தத் தங்கச்சி?"

ஒரு காய் உருண்டு களத்து நடுவுக்கு வந்து நின்றது. இன்னொன்று அதன் பின்னால் கிளம்பியது. வைரக்கண்ணு வாயைத் திறந்தார், மூடினார். கோபத்தில் அல்ல என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பூட்டி வைத்த பேர் துருப்பிடித்து உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது, மனிதர் அதை இழுக்கப் படாதபாடு பட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. "தை" என்றார். "தையல்" என்றார். பிறகு தோப்பிலிருந்த காக்கையெல்லாம் எழும்பிப் பறக்கும்படி, "தையல்நாயகி தலைக்கட்டு!" என்று கூப்பிட்டார்.

அவள் நடந்து வந்து, குனிந்து, தலைக்காயை இரண்டு கையாலும் தூக்கினாள். கிளம்பிய காய்கள் இரண்டும் வெட்கப்பட்டதுபோல் தங்கள் தங்கள் கூற்றுக்குத் திரும்பிப் போயின. அன்றைக்குத்தான் லாரி ஏற்றினோம்.

கதை இதோடு முடிந்திருந்தால் எங்களுக்கு நல்ல பெயர். மார்கழி வெட்டு வந்தது. சிங்காரவேலு எண்ணி முடித்துத் துண்டை உதறாமல் நின்றார். "இருபத்தேழாயிரத்து எழுநூத்தி இருபது." வந்த எண் சொல்லாமலே போய்விட்டிருந்தது, போகும்போது அந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. பதினெட்டுப் பேரும் மனசுக்குள் வகுத்துக்கொண்டிருந்தோம், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பதினெட்டாகப் பிரித்தால் ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது, துளி மிஞ்சாது, அப்பன் பாட்டன் காலத்துக் கணக்கு. பத்தொன்பதாகப் பிரித்தால் ஆளுக்கு ஆயிரத்து நானூற்று ஐம்பத்தெட்டு போட்டுவிட்டு, பதினெட்டுக் காய் மிஞ்சும். பத்தொன்பது பேருக்குப் பதினெட்டுக் காய், ஒரு கூற்றில் ஒன்று குறையும். கல்யாணத்துக்கு இன்னும் தட்டு வைக்கவில்லை. தையல்நாயகி இப்போது பாயில்தான் உட்கார்ந்திருந்தாள், பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டு. பழைய கணக்கு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஒருவர் இருமினார், ஒருவர் தலைவரைப் பார்த்தார்.

வைரக்கண்ணு எழுந்து களத்தில் இறங்கித் தலைக்காய்களை வைக்க ஆரம்பித்தார். இந்த முறை நாங்கள் ஒவ்வொரு எண்ணையும் காது கொடுத்துக் கேட்டோம். லாபம், ரெண்டு, மூணு என்று தப்பில்லாமல், நிதானமாக, பதினெட்டு வரை போனார். அங்கே ஒரு மூச்சு நின்றார். பிறகு "பத்தொம்போது" என்று இன்னொரு காயை வைத்தார்.

"ஒண்ணு கொறையுமே தலைவரே" என்றார் சிங்காரவேலு.

"எங் கூறுல கொறையட்டும்" என்றார் வைரக்கண்ணு. "நான் என்ன, அந்த ஒண்ணு இல்லாம பட்டினியா கெடக்கப் போறேன்? போடுய்யா."

போட்டோம். பொழுது சாய்ந்தது. ஒரு காயும் அசையவில்லை, ஒரு காய் குறைந்த அவருடைய கூறு உட்பட.

மறுநாள் காலையில் தையல்நாயகி தன் பேரில் முதல் தட்டை எடுத்துக்கொண்டு அபிநயாவோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தாய்மாமனுக்குத்தானே முதல் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், நடுவில் அவள் கூற்றிலிருந்து எடுத்த ஒரு தேங்காய். வைரக்கண்ணு தட்டை வாங்கிப் பெஞ்சில் வைத்துவிட்டு, தேங்காயை மட்டும் கையில் எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் நிறைய இருந்தது. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"சரியாப் போச்சாண்ணே?" என்றாள் தையல்நாயகி.

அவர் காயை மார்போடு அணைத்துக்கொண்டு, "லாபம்" என்றார்.